நாற்றின் மடியநிலையை ஒளியால் அறிதல்

ஆய்வகக் குடுவையில் முளைத்த நாற்றில் எத்தனை குரோமோசோம் தொகுதிகள் உள்ளன, அதாவது அதன் மடியநிலை என்ன என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சிப்ரா குஹாவும் எஸ். சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பைகளை வளர்த்துக் கருக்களைப் பெற்ற பின்னர், பயிர்ப் பெருக்கத்தில் இக்கேள்வி அன்றாடத் தேவையாகிவிட்டது. மகரந்தத்திலிருந்து எழும், ஒரே தொகுதி கொண்ட ஒற்றைமடியச் செடி மலடு. அதன் குரோமோசோம்களைக் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளால் இரட்டித்தால், பல தலைமுறைத் தற்கலப்பில் கிடைக்கும் தூய வரிசை (இரு தொகுதிகளும் ஒன்றுபோலவே உள்ள செடி) ஒரே தலைமுறையில் கிடைத்துவிடும். ஆனால் எல்லா நாற்றுகளும் இரட்டிப்பதில்லை. சிலவற்றில் ஒற்றைமடியச் செல்களும், இரு தொகுதிகள் கொண்ட இருமடியச் செல்களும் கலந்தே இருக்கும்.

வேர்நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணுவது பழைய வழி. நெல் என்றால் ஒற்றைமடியத்தில் 12, இருமடியத்தில் 24. நம்பகமான முறைதான் என்றாலும், நூற்றுக்கணக்கான நாற்றுகளுக்கு அது மிகவும் மெதுவானது.

உட்கருக்களை ஓடவிட்டு ஒளியால் அளக்கும் பாய்வு செல்லளவியலின் அழகு இங்கேதான் வெளிப்படுகிறது. நகத்தளவு இளம் இலையைக் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் குளிர்ந்த தாங்கல் கரைசலில் இட்டு, புதிய சவர பிளேடால் பொடிப்பொடியாக நறுக்குகிறார்கள். பிளேடு மழுங்கியிருந்தால் செல்கள் நசுங்கி உட்கருக்கள் சிதைந்துவிடும். விடுபட்ட உட்கருக்களை மெல்லிய வலையில் வடித்து, டி.என்.ஏ.வில் பற்றிக்கொள்ளும் ஒளிர்சாயம் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கற்றையின் குறுக்கே ஓடவிடுகிறார்கள். டி.என்.ஏ. இருமடங்கானால் ஒளிர்வும் ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆயிரக்கணக்கான உட்கருக்களின் ஒளிர்வளவுகள் சில நிமிடங்களில் திரையில் முகடுகளாக எழுகின்றன.

முகடு எங்கே எழுந்தது என்பதற்கு ஓர் ஒப்பீடு வேண்டும் என்பதால், மடியநிலை தெரிந்த செடியின் இலையையும் உடன் நறுக்குவார்கள். ஒற்றைமடியச் செடியிலும் பிளவுறத் தயாராகும் செல்களில் டி.என்.ஏ. ஏற்கெனவே இரட்டித்திருக்கும், ஆகவே இருமடிய இடத்தில் சிறு முகடு எழுவது இயல்பே. அதைக் கண்டவுடன் இரட்டிப்பு நிகழ்ந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. முதல் முகடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதையே பார்க்க வேண்டும். இக்கருவி அளப்பது டி.என்.ஏ.வின் மொத்த அளவையே. ஒரேயொரு குரோமோசோம் கூடியோ குறைந்தோ இருந்தால் அது எளிதில் தப்பிவிடும் என்பதால், வேர்நுனி எண்ணும் பயிற்சியை மாணவர்களுக்குக் கற்பிப்பதை நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து; ஆய்வு நிதி ஒதுக்குவோர் இதையும் கருத வேண்டும்.

முகடு விடை சொல்லாத இன்னொரு கேள்வியும் உண்டு. மகரந்தப்பையின் சுவர்ச் செல்லிலிருந்து நாற்று எழுந்தால் அதுவும் இருமடியமே. இரட்டித்த ஒற்றைமடியத்தின் அதே இடத்தில்தான் அதன் முகடும் நிற்கும். தாய்ச்செடி கலப்பினமாக இருந்தால், அதன் இரு பெற்றோரையும் பிரித்துக் காட்டும் டி.என்.ஏ. குறிகளைச் சோதிக்கிறார்கள்: மகரந்தத்தில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வடிவமே இருக்கும் என்பதால், ஒரே குறியின் இரு வடிவங்களும் நாற்றில் தெரிந்தால், அது மகரந்தத்தில் பிறந்த தூய வரிசையன்று.