கேமரா வாடகைக்கு முன் ஒரு கிராஃப் நோட்டு

காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆம்பூர் என்று நம் பக்கத்தில் சொந்தமாகப் பாட்டு போட்டு வீடியோ எடுக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். பாட்டு நன்றாகவே இருக்கிறது. கைக்காசு எல்லாம் கரைவது வீடியோவில்தான். கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலுக்கும் டிரோனுக்கும் இரண்டு நாள் வாடகை கொடுத்து, பாலாற்று மணலில் நடந்து, பாறை மேல் நின்று கையை விரித்து, கலர் புகை விட்டு எடுத்து வருகிறார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்தால் எந்த ஷாட்டை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். இந்த ஷாட் இந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று பாட்டு கேட்கவே இல்லை. படம் தனி, பாட்டு தனி.

இதற்கு மருந்தாக நாங்கள் எல்லாரிடமும் பார்க்கச் சொல்வது மிஷேல் கோந்த்ரியின் வீடியோக்களை. பிரான்ஸ்காரர், 1963இல் பிறந்தவர். படம் எடுக்க வருவதற்கு முன் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். அந்த பேண்டுக்கு அவர் செய்த வீடியோவைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அவரைக் கூப்பிட்டார். 1993இல் இருவரும் சேர்ந்து செய்த முதல் வீடியோ வந்தது. டிரம்ஸ்காரர் என்பதை மறந்துவிட்டு அவர் வேலையைப் பார்த்தால் மாயாஜாலம் போலத் தெரியும். நினைவில் வைத்துப் பார்த்தால் எல்லாம் எண்ணிக்கை என்று புரியும்.

டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இசை இரட்டையரின் ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ வீடியோவை 1997இல் எடுத்தார். ஒரு வட்ட மேடை, ஐந்து குழு ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான். ரோபோ வேஷம் போட்டவர்கள் குரல். எலும்புக்கூடுகள் கிட்டார். மம்மிகள் டிரம் மெஷின். உயரமான ஆட்கள் பேஸ் கிட்டார். பெண்கள் குழு சிந்தசைசர். எந்த வாத்தியம் ஒலிக்கிறதோ அந்தக் குழு அசைகிறது. பேஸ் ஏறினால் அவர்கள் படி ஏறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். இதைச் செய்ய டிரோன் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். பம்பை ஒரு குழு, உடுக்கை ஒரு குழு, சிலம்பு ஒரு குழு என்று பிரித்தால் நம் ஊர்க் கல்லூரி மைதானத்திலேயே செய்யலாம். வேண்டியது ஒன்றுதான். பாட்டை மிக்ஸ் செய்தவரிடம் முடிந்த பாட்டை மட்டும் வாங்காமல், ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்காக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டேஷனரி கடைக்குப் போய் ஒரு கிராஃப் நோட்டு. கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து இசை இரட்டையரின் ‘ஸ்டார் கிட்டார்’ வீடியோவுக்கு (2002) கோந்த்ரி செய்தது இதைத்தான். பாட்டு முழுவதையும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பிரித்தார். பிறகு ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, புத்தகம், கண்ணாடி டம்ளர், ஷூ என்று வீட்டுச் சாமான்களை வரிசையாக அடுக்கி, எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று ஒத்திகை பார்த்தார். வீடியோவில் நாம் பார்ப்பது ரயில் ஜன்னல் காட்சி மட்டுமே. ஆனால் ஒவ்வொரு கம்பமும் கட்டடமும் பாலமும் பாட்டின் ஒரு ஒலிக்குச் சரியாக வந்து போகிறது. நீம்ஸ், வாலன்ஸ் என்ற இரு ஊர்களுக்கு நடுவே பத்து முறை, வெவ்வேறு வெளிச்சத்தில் பயணம் செய்து சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுத்த காட்சிகள் அவை.

நம் கணக்கு இப்படி: நிமிடத்துக்கு 100 பீட், அதாவது 100 தாள அடி, உள்ள பாட்டு மூன்றரை நிமிடம் ஓடினால் 350 பீட். ஒரு கட்டத்துக்கு ஒரு பீட், ஒரு வரிசையில் 16 கட்டம் என்று வைத்தால் 22 வரிசையில் பாட்டு முடிந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே பம்பை, பேஸ், குரல் என்று வாத்தியத்துக்கு ஒரு கோடு. எந்த வாத்தியம் எந்தக் கட்டத்தில் அடிக்கிறதோ அங்கே புள்ளி வையுங்கள். இரண்டு மணி நேர வேலை. இது முடிந்தபின் பாட்டைக் கேட்டால் இதுவரை காதில் விழாத இரண்டு மூன்று ஒலிகளாவது புதிதாகக் கேட்கும். ஐடியா அங்கிருந்துதான் வரும்.

பலர் வழுக்கி விழும் இடம் அடுத்தது: பீட்டும் ஃப்ரேமும் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு தனிப் படமும்) ஒத்துப்போக வேண்டும். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால், 100 பீட் பாட்டில் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம். 125 பீட் என்றால் 12. இவை சுலபம். 120 பீட் என்றால் பன்னிரண்டரை ஃப்ரேம் வரும். அரை ஃப்ரேமை வெட்ட முடியாது. பரவாயில்லை என்று 12 ஃப்ரேமுக்கு ஒரு துண்டு வெட்டி, அதே நீளத்தில் காப்பி அடித்துக்கொண்டே போனால் மூன்றரை நிமிட முடிவில் 210 ஃப்ரேம், அதாவது எட்டு நொடிக்கும் மேல், படம் பாட்டை முந்திவிடும். 12, 13, 12, 13 என்று மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். 110 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு 13.636. தனித்தனியாக முழு எண் ஆக்காதீர்கள். பீட் எண்ணை 13.636ஆல் பெருக்கி, வரும் விடையை முழு எண் ஆக்குங்கள்: 14, 27, 41, 55, 68. வெட்டு விழ வேண்டிய இடங்கள் இவை. பிழை சேராது.

இந்தக் கணக்கெல்லாம் கிளிக் ட்ராக், அதாவது ஒரே வேகத்தில் டிக் டிக் என்று எண்ணும் மெட்ரோனோம் ஒலி, வைத்துப் பதிவு செய்த பாட்டுக்குத்தான். பம்பையும் உடுக்கையும் நேரடியாக வாசித்துப் பதிவு செய்தால் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஏற வேண்டும், அதுதான் அந்த வாசிப்பின் உயிர். அதைப் பிடித்து மெட்ரோனோமுக்கு இழுத்துக் கட்டாதீர்கள். டைம்லைனில் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு அடிக்கும் கையால் மார்க்கர் போடுங்கள். பொறுமை வேண்டும், வேறு வழி கிடையாது.

இனி குடங்கள். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற அமெரிக்க ராக் இரட்டையருக்குக் கோந்த்ரி எடுத்த ‘தி ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்’ (2003) வீடியோவில் பீட் விழுந்தால் ஒரு புது டிரம் செட் முளைக்கும். அதற்கு ஒரே மாதிரி 32 டிரம் செட், 32 ஆம்ப்ளிஃபையர், 16 மைக் ஸ்டாண்டு வைத்து எடுத்தார்கள். நமக்கு 32 டிரம் செட் எங்கே கிடைக்கும்? ஒரே நிறத்தில் 32 பிளாஸ்டிக் குடம் கிடைக்கும். தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊருக்குக் குடம் பொருத்தமான வாத்தியமும்கூட.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை நிறைய உண்டு. தெருவில் 32 இடங்களையும் முதலில் சாக்பீஸால் குறித்து எண் போடுங்கள். காலிக் குடம் காற்றில் உருளும், ஒவ்வொன்றிலும் நாலு கை மணல் போடுங்கள். ட்ரைபாடின் மூன்று காலுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து, தரையில் காலின் இடத்தையும் குறித்துவிடுங்கள். தட்டுப்பட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவர அதுதான் உதவும். பட்டனை விரலால் தொட்டால் ஃபிரேம் நகரும், ரிமோட் வையுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று நொடி எடுத்தால் போதும். ஒரே ரெக்கார்டிங்காக ஓடவிட்டால் ஃபோன் சூடாகி நின்றுவிடும்.

முக்கியமான நுணுக்கம் ஒன்று. குடங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகாதீர்கள். 32ஐயும் வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டே வாருங்கள். வைக்கும்போது கால் பட்டு ஏற்கெனவே இருக்கும் குடம் அசையும், படத்தில் அது துள்ளும். எடுக்கும்போது அசையப்போவது அடுத்து எடுக்கப்போகும் குடம் மட்டும். எடிட்டிங்கில் துண்டுகளின் வரிசையைக் கடைசியிலிருந்து முதலாக அடுக்கினால் முளைப்பது போல வந்துவிடும். பாடுபவர் ஃபிரேமில் இருந்தால் அவர் வரியும் கடைசி பீட்டிலிருந்து முதல் பீட்டுக்கு வர வேண்டும். அதற்கும் கிராஃப் நோட்டுதான் கையில் இருக்க வேண்டும்.

ஒரு குடத்துக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தம் 96 நிமிடம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, ஆகவே இதற்குள் 24 டிகிரி நகர்ந்திருக்கும். ஒன்றரை மணி நேர நிழல் இருபது நொடியில் தெரு முழுக்க ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்குத் தவறு புரிகிறது. வெயில் நேராக விழாத, கட்டட நிழல் கடைசிவரை நிற்கும் தெருவைத் தேர்ந்தெடுங்கள். முந்தின நாள் அதே நேரத்தில் போய் நின்று பாருங்கள். நம் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலை ஒன்பதுக்குள் முடிப்பது ஆளுக்கும் நல்லது, ஃபோனுக்கும் நல்லது. கருங்கல் பாறையில் எடுப்பதாக இருந்தால் அந்தி வந்தும் சூடு தணியாது, வெறுங்காலோடு ஆடச் சொல்லாதீர்கள்.

எல்லா ஆட்டோவையும் அணையுங்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோக்கஸ் மூன்றும் பூட்டப்படாவிட்டால் ஒவ்வொரு குடத்துக்கும் தெருவின் நிறம் மாறும். ஃபோன்கள் பெரும்பாலும் 30 ஃப்ரேமில் இருக்கும், அதையும் வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். பாட்டு நடுவில் உதட்டசைவு மெல்ல விலகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஓப்பன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற செயலியில் 25ஐ நிலையாக வைத்து எடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற கணினி மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்கில் ஏற்றுங்கள்.

இரவுத் தெருவிலும் மண்டபத்திலும் கறுப்புப் பட்டைகள் ஓடுவது வேறு கோளாறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது. ஷட்டர் வேகம் நொடியில் 50இல் ஒன்றோ 100இல் ஒன்றோ இருந்தால் பட்டை வராது, 60இல் ஒன்று இருந்தால் வரும். டிம்மர் வைத்த எல்இடி பட்டைகள் இதற்கும் அடங்காது. அவற்றை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, தள்ளி வையுங்கள்.

1996இல் சிபோ மாட்டோ என்ற குழுவுக்குக் கோந்த்ரி எடுத்த ‘சுகர் வாட்டர்’ வீடியோவில் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதி நேராக ஓடும், மறு பாதி பின்னோக்கி ஓடும், நடுவில் இரண்டும் சந்தித்து இடம் மாறும். இதை முயல்பவர்கள் பின்னோக்கிப் பாடுவதில் தடுமாறுகிறார்கள். பாட்டைத் திருப்பிப் போட்டு, அந்த ஒலிக்கு வாயசைக்கப் பழகி, எடுத்ததை மறுபடி திருப்ப வேண்டும். தமிழில் எல்லா எழுத்தையும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. க, ட, ண, ர எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிறவை, கேமராவுக்குத் தெரியாது. உதடு மூடும் ப, ம, பல்லில் படும் வ, உதடு குவியும் உ, ஓ ஆகியவை மட்டும் சரியாக விழ வேண்டும். வரியில் அவற்றை வட்டமிட்டு அவற்றை மட்டும் பழகுங்கள். அப்பா, அம்மா போல இரட்டிக்கும் இடத்தில் உதடு சற்று நேரம் மூடியே இருக்க வேண்டும். திருப்பிப் பாடும்போதும் அந்த நேரம் குறையக்கூடாது.

உடல் மெதுவாகவும் உதடு சரியாகவும் அசைய, பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு 50 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்டுங்கள். இழுத்துப் பாடும் வரிகளுக்குச் சரி, வேகமான கானா வரிகளுக்கு நாக்கு புரளாது. ஆற்று மணலில் தூரத்து ஷாட் எடுக்கும்போது ஸ்பீக்கரைக் கேமரா பக்கம் வைக்காதீர்கள். 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு பத்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்கும், இரண்டரை ஃப்ரேம் பிசகும். ஸ்பீக்கர் பாடுபவரின் காலடியில் இருக்கட்டும்.

ரயில் ஜன்னல் வீடியோவைப் பார்த்துவிட்டு உடனே காட்பாடி ஜங்ஷனுக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்தப் பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியில் தென்னந்தோப்பும் பாறைக் குன்றும் மாறி மாறி வரும், அருமையான பாதைதான். கணக்கும் போடலாம். மின்கம்பங்களுக்கு நடுவே அதிகபட்ச இடைவெளி 72 மீட்டர், வளைவுகளில் குறையும். ரயில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 72 மீட்டரை 2.88 நொடியில் கடக்கும். 100 பீட் பாட்டில் நான்கு பீட் 2.4 நொடி. காட்சியை 1.2 மடங்கு வேகப்படுத்தினால் நான்கு பீட்டுக்கு ஒரு கம்பம் வந்துவிடும். இடைவெளி மாறும் இடங்களில் வேகத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும். கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாமலிருக்க லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடியுங்கள்.

ஆனால் இருக்கையில் உட்கார்ந்து எடுங்கள். கையையோ ஃபோனையோ கம்பிக்கு வெளியே நீட்டக்கூடாது, கதவருகே தொங்கக்கூடாது; நீங்கள் எண்ணுகிற அதே கம்பம் தலையில் அடிக்கும். வெளியிடப்போகும் வீடியோ என்றால் ரயில்வேயிடம் முன் அனுமதி வேண்டும். தண்டவாளத்தில் இறங்கி எடுப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். நின்றிருக்கும் சரக்கு வண்டி மேல் ஏறவே ஏறாதீர்கள். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே உடம்பில் பாய்ந்துவிடும். செல்ஃபி குச்சியைத் தூக்கிப் பிடிப்பதும் அதே ஆபத்து.

வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. ஆட்டக்காரர்களோடு ட்ரைபாட் நிறுத்தி ஷூட் செய்ய எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அகழி ஓரமாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முப்பது பேரைக் கூட்டிப்போனால் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும், அன்றைய வாடகை முழுவதும் வீண். தெருவில் குடம் வைப்பதற்கும் அந்தத் தெருக்காரர்களிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எடிட் முடிந்து சரிபார்க்கும்போது ஒன்று. புளூடூத் இயர்ஃபோனில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அதில் ஒலி தாமதமாக வரும். 200 மில்லிநொடி தாமதம் என்றால் ஐந்து ஃப்ரேம். குடம் பீட்டுக்கு முன்னாலேயே முளைப்பது போலத் தெரியும், சரியாக இருப்பதை இழுத்துக் கெடுத்துவிடுவீர்கள். வயர் இயர்ஃபோன் மாட்டி, கிராஃப் நோட்டைப் பக்கத்தில் விரித்து, கட்டம் கட்டமாக டிக் அடித்துப் பாருங்கள்.