மஹர்: கொடையா, கடனா?

பத்திரம் எழுதுவது என் தொழில். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோர ஊர்களிலிருந்து கிரயமும் தானசெட்டில்மெண்டும் விடுதலைப் பத்திரமும் எழுத வருவார்கள். கொண்டுவரும் காகிதக் கட்டில் பல நேரம் நிக்காஹ் தஃப்தரின், அதாவது திருமணப் பதிவேட்டின், நகல் ஒன்றும் இருக்கும். அதைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் போவது மஹர் கட்டத்துக்குத்தான். மஹர் என்பது நிக்காஹின் பேரில் கணவன் மனைவிக்குத் தர வேண்டிய பொருள். அந்த ஒரு வரியைச் சரியாக எழுதாததால் ஒரு பெண் பட்ட பாட்டை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன்.

என் பெரியம்மா மகள், எனக்கு ராத்தா முறை. சபரில், அதாவது வெளிநாட்டில், இருந்த அவள் கணவர், என் மச்சான், அங்கேயே மௌத்தாகிவிட்டார். சொத்தைப் பங்கு வைக்க உட்கார்ந்தபோது தஃப்தர் நகலை எடுத்தார்கள். நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், ‘மஹர் 20 பவுன், முஅஜ்ஜல்’ என்று இருந்தது. மச்சானின் தம்பி, “முஅஜ்ஜல்னா உடனே கொடுக்கிறதுன்னு அர்த்தம். அன்னைக்கே கொடுத்தாச்சு, பாக்கி ஒண்ணும் இல்லை” என்றார். எங்கள் பக்கத்து ஆலிம் (மார்க்க அறிஞர்), “முஅஜ்ஜல் என்றால் தவணை. இனிமேல்தான் கொடுக்க வேண்டும்” என்றார். இரண்டு பேர் சொன்னதுமே அரபியில் சரிதான்.

அரபியில் அவை இரண்டு சொற்கள். ஒன்று ஐன் எழுத்தில் எழுதுவது. ‘அஜல’ என்றால் விரைவு, அவசரம். அதிலிருந்து வரும் முஅஜ்ஜல், கேட்டவுடன் கொடுக்க வேண்டிய மஹர். இன்னொன்று ஹம்ஸா எழுத்தில் எழுதுவது. ‘அஜல்’ என்றால் தவணை, கெடு. மனிதனின் ஆயுள் முடியும் வேளைக்கும் அரபியில் அஜல் என்றுதான் பெயர். அதிலிருந்து வரும் முஅஜ்ஜல், பின்னால் கொடுக்க வேண்டிய மஹர். வேறு கெடு எழுதியிராவிட்டால் கணவன் இறக்கும்போதோ தலாக் ஆகும்போதோ அது தரவேண்டியதாகும். தொண்டை ஆழத்திலிருந்து வரும் ஐன் ஒலி நம் எழுத்தில் இல்லை. அதனால் நேர் எதிர்ப் பொருள் கொண்ட இரண்டு சொற்களும் தமிழில் ஒரே உருவாகிவிடுகின்றன.

சிலர் வேறுபடுத்துவதற்காகப் பின்னதை ‘முவஜ்ஜல்’ என்று எழுதுகிறார்கள். சட்டப் புத்தகங்களிலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் உகரத்தையும் அகரத்தையும் சேர்த்துச் சொன்னால் நடுவில் வகர உடம்படுமெய் தானாக வந்து நிற்பது தமிழின் இயல்பு. முன்னதையும் நம் நாக்கு முவஜ்ஜல் என்றுதான் சொல்லும். ஒரு பெண்ணின் 20 பவுனை அந்த ஒற்றை வகரத்தை நம்பி விட முடியாது.

இந்தக் கடற்கரைக்கு இதில் கூடுதல் வருத்தம் ஒன்று உண்டு. இங்கே ஒரு காலத்தில் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அர்வி என்றும் அரபுத்தமிழ் என்றும் சொல்வோம். கீழக்கரையில் வாழ்ந்து மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நிறைய எழுதியவர். அந்த எழுத்தில் ஐன் ஐனாகவே இருக்கும், ஹம்ஸா ஹம்ஸாவாகவே இருக்கும். பொருள் மாற இடமே இல்லை. தமிழ் எழுத்துக்கு மாறியபோது அரபுச் சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தோம், அதன் எழுத்து வேறுபாடு வழியிலேயே விழுந்துவிட்டது.

சரி, மஹர் என்ற சொல்லுக்கு வருவோம். இது செமித்திய மொழிகளின் பழைய சொல். எபிரேயத்தில் இதன் உறவுச் சொல் ‘மோகர்’. யாத்திராகமத்திலும் ஆதியாகமத்திலும் வருகிறது. குர்ஆனில் ‘மஹர்’ என்ற சொல்லே கிடையாது. அங்கே இதே பொருளுக்கு ‘ஸதுகாத்’ (4:4), ‘ஃபரீளா’ (2:237), ‘உஜூர்’ (4:24) என்று மூன்று விதமாக வருகிறது. ஃபரீளா என்றால் கடமையாக்கப்பட்டது. உஜூர் என்றால் உரிய பிரதிபலன். ஸதுகாத் பிறந்த வேர் ஸித்க், அதாவது வாய்மை. தர்மத்துக்கு நாம் தினமும் சொல்கிற சதக்கா அதே வேரிலிருந்துதான் வந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கீழக்கரைப் பெரியார் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரிலும் அந்த வேர்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? கையிலிருக்கும் சொற்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் இடறல் இருக்கிறது. பரிசம் பெண் வீட்டாருக்குப் போவது, மஹர் பெண்ணின் கைக்கே போவது. அவள் வாப்பாவுக்குக்கூட அதில் பங்கில்லை. சீதனம் அருமையான சொல்லாக இருந்தது. ஸ்திரீதனம், பெண்ணின் சொந்தப் பொருள். இன்று அது மாப்பிள்ளை வீட்டார் எண்ணி வாங்குவதற்குப் பெயராகிவிட்டது. நம் ஊர்ப்பக்கம் அதையே கைக்கூலி என்று பச்சையாகச் சொல்வோம். கீழக்கரையில் மகளுக்கு வீடே கொடுப்பார்கள். பெண் வீட்டிலிருந்து அவ்வளவு போகிற இடத்தில் மாப்பிள்ளை தரும் மஹர் 101 ரூபாய் என்று எழுதிய பழைய நகல்களைப் பார்க்கும்போது எனக்கு மனது பொறுப்பதில்லை. ஷாஃபி மத்ஹப் என்னும் சட்டப் பள்ளியில் மஹருக்குக் கீழ்வரம்பு இல்லைதான். அதற்காக அதைப் பேருக்கு வைப்பதா?

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் மஹரை டவர் என்பார்கள், வரதட்சணையை டவுரி என்பார்கள். ஒலி கிட்ட இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்து, மஹர் எழுதுவதே குற்றமோ என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் மஹர் இதில் சேராது என்று 2ஆம் பிரிவிலேயே சொல்கிறது. பயப்பட வேண்டாம்.

இப்போது பரவலாக வழங்கும் தமிழ்ச் சொல் மணக்கொடை. நல்ல சொல். 4:4 வசனமும் மனமுவந்து கொடுப்பது என்ற பொருளில் ‘நிஹ்லா’ என்கிறது, ஆகவே கொடை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மேடைப் பேச்சிலும் கல்யாண அழைப்பிலும் அதையே எழுதலாம். ஆனால் தஃப்தரில் அந்தச் சொல் மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். கொடை என்றால் கொடுப்பவன் மனது வைத்தால் கொடுப்பது என்று நம் காதில் விழுகிறது. சட்டத்தில் மஹர் கணவன் மேல் நிற்கும் கடன். அவன் இறந்தால் அவன் விட்டுப்போன சொத்தின் மேல் நிற்கும். வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்னால் அதைத் தீர்க்க வேண்டும். நிக்காஹில் தொகையே பேசாமல் விட்டாலும் அவள் பிறந்த குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமாகத் தரும் அளவு மஹர் அவளுக்கு உண்டு. அதை மஹருல் மித்ல் என்பார்கள், தமிழில் ‘நிகர் மஹர்’ எனலாம்.

கணவனின் மையித்து (உடல்) கிடக்கும் வீட்டில் வைத்து, “மஹரை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா” என்று அழுதுகொண்டிருப்பவளிடம் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் தானாக, தெளிந்த மனதோடு சொல்ல வேண்டும். துக்கத்தில் கலங்கி இருக்கும் நேரத்தில் வாங்கிய சொல் அவளைக் கட்டாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதைக் கடன் என்ற பெயரில் எழுதியிருந்தால் இப்படிக் கேட்பவர்களுக்கு வாய் அவ்வளவு எளிதில் வருமா?

ராத்தா விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தம்பி சொன்னபடியே அது ‘உடனே கொடுப்பது’ என்று வைத்துக்கொண்டாலும் கொடுத்தாகிவிட்டது என்று ஆகாது. கேட்டால் உடனே தர வேண்டும் என்பது வேறு, தந்தாயிற்று என்பது வேறு. கடைசியில் நிக்காஹில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெரியவர் ஒருவர் உயிரோடு இருந்தார். அன்று சபையில் தவணை என்றுதான் பேசினோம் என்று அவர் சொன்ன பிறகு ராத்தாவுக்கு நகை வந்தது.

அதற்கப்புறம் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் சொற்கள் இரண்டு: உடன் மஹர், தவணை மஹர். மஹர் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அது நம் வீட்டுச் சொல்லாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. தமிழாக்க வேண்டியது அதன் முன்னால் வரும் அடைமொழியை. பவுன் என்று மட்டும் எழுதாமல் கிராமும் போடச் சொல்வேன். அரசுப் பதிவு தனி. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிய வேண்டும். தஃப்தர் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.

போன மாதம் பெரியபட்டினத்தில் ஒரு நிக்காஹ். என்னிடம் கேட்டுவிட்டுப் போன மாப்பிள்ளையின் வாப்பா, தஃப்தரில் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ‘மஹர் 10 பவுன், அதாவது 80 கிராம் தங்க நகை. இதில் 24 கிராம் உடன் மஹர், இன்று சபையில் கொடுக்கப்பட்டது. 56 கிராம் தவணை மஹர், கணவர் மேல் கடன்.’ கீழே மணமகளின் கையெழுத்தும் இருந்தது.