டிரைவ்லைன் வைண்டப்: முறுக்கேற்றம்

காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டும்போது, முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் வெளியேற வழியின்றிச் சேரும் முறுக்கையே 'டிரைவ்லைன் வைண்டப்' என்கிறார்கள். கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஆற்றலைக் கொண்டுசெல்லும் உறுப்புகளின் வரிசை டிரைவ்லைன். திருகுதல், சுற்றுதல் என்று பொருள்படும் 'விண்டன்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது வைண்ட். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையும் இதே சொல்லால்தான் குறிப்பார்கள்.

மகிந்திரா தார், மாருதி ஜிப்சி, ஜிம்னி போன்ற வண்டிகளில் ஃபோர்-எச் எனப்படும் நான்கு சக்கர இயக்க நிலையில் லீவரைப் போட்டதும், ஆற்றலை இரு அச்சுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் தண்டையும் பின் தண்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிடுகிறது. ஆனால் திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. அச்சிடைத் தொலைவு 2.59 மீட்டரும் திருப்ப ஆரம் 5.7 மீட்டரும் கொண்ட ஜிம்னி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு கால்வட்டம் திரும்பினால், முன்னச்சு பின்னச்சைவிட ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே பயணம் செய்ய வேண்டும் என்று கணக்கிட்டு அறியலாம். அதாவது முன்சக்கரங்கள் சராசரியாக அரைச்சுற்று கூடுதலாக உருள வேண்டும், பூட்டப்பட்ட தண்டுகளோ அதற்கு இடம் தருவதில்லை. மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி இந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலை அப்படி விட்டுக்கொடுக்காது.

ஸ்டியரிங் கனத்துப்போவதும், மெதுவாகத் திரும்பும்போது பிரேக் பிடித்ததுபோல் வண்டி திணறுவதும், டயர் தரையை விட்டு விசுக்கென்று தத்துவதும் இதன் அறிகுறிகள். பொருட்படுத்தாமல் ஓட்டினால் டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி நீளும், தண்டுகளை வளைந்து சுழலவிடும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்ட் உடையும். லீவர் இறுகிக்கொண்டு இரு சக்கர இயக்கமான டூ-எச் நிலைக்கு வர மறுப்பதும் இதனால்தான். அப்போது லீவரோடு மல்லுக்கட்டாமல், வண்டியைச் சில மீட்டர் நேராகப் பின்னோக்கி எடுத்தால் பெரும்பாலும் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

எல்லா நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் இது பொருந்தாது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரிலும் 1977இல் வந்த லாடா நிவாவிலும் இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு அவற்றுக்கு நடுவே இருப்பதால், அதைப் பூட்டாத வரையில் அவை தார்ச்சாலையில் தாராளமாக ஓடும்.

தமிழில் இதற்குச் 'சுற்றல்' என்றோ 'சுருட்டல்' என்றோ எழுதுவது போதாது. சுற்றிய பொருளில் விசை தேங்கியிருக்கிறது என்பதை அவை உணர்த்துவதில்லை. கயிற்றை முறுக்கேற்றுகிறோம், வில்லை நாணேற்றுகிறோம். 'ஏற்று' என்ற வினை, விடுபடக் காத்திருக்கும் விசையை உள்ளே நிறைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. டார்க்கை 'முறுக்குவிசை' என்று எழுதும் வழக்கமும் இருப்பதால், 'இயக்கத்தண்டு முறுக்கேற்றம்' என்பதே பொருத்தமான சொல்லாக எனக்குப் படுகிறது. பேச்சில் இன்னும் சுருக்கி, "தார் ரோட்டில் ஃபோர்-எச் போடாதீர்கள், தண்டு முறுக்கேறிவிடும்" என்றாலே ஓட்டுநருக்குப் புரியும்.