சொக்சோ ஒன்று சொல்லும், சேமநிதி வேறொன்று சொல்லும்

பினாங்கில் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். சில காலத்துக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா ஃபெரி ஏறி என்னைப் பார்க்க வந்தார். (ஆள் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) 22 ஆண்டு குடித்தனம், பிறகு விவாகரத்து. முன்னாள் கணவர் மறுமணம் செய்துகொண்டு, 56 வயதில், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். விவாகரத்தான மனைவிக்கும் பென்ஷன் உண்டு என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். சொக்சோ, அதாவது மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், அதைத் தரும் என்று நம்பி வந்திருந்தார்.

"சொக்சோவில் எனக்கும் வருமில்லையா தம்பி? 22 வருடம் சோறாக்கிப் போட்டவள் நான்."

செய்தி பொய்யில்லை, நாடுதான் வேறு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், திருமணம் 10 ஆண்டாவது நீடித்திருந்தால், முன்னாள் கணவர் இறந்த பிறகு அவர் கணக்கிலிருந்து 60 வயதில் மாதத்தொகை பெறலாம். உடல் ஊனம் இருந்தால் 50 வயதிலேயே. 60 வயதுக்கு முன் செய்துகொண்ட மறுமணம் நீடித்தால் கிடையாது. இதனால் இப்போதைய மனைவியின் பங்கு ஒரு காசும் குறையாது. நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன்.

இங்கே மலேசியாவில் அப்படியில்லை. சொக்சோவின் வாரிசு பென்ஷனில் ஐந்தில் மூன்று பங்கு கணவனை இழந்தவருக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. இறந்த அன்று சட்டப்படி மனைவியாக இருந்தவர் இரண்டாமவர். அந்த அம்மா முகம் வாடிப்போனார்.

"பிள்ளைகள்?" என்று கேட்டேன். கடைசி மகளுக்கு 20 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பெற்றோர் பிரிந்ததால் பிள்ளையின் உரிமை போய்விடாது. மணமாகாத பிள்ளைக்கு 21 வயது வரை உண்டு, முதல் பட்டப்படிப்பில் இருந்தால் அது முடியும் வரை. இதை அவரிடம் அதுவரை யாருமே சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

அடுத்து சேமநிதி, அதாவது ஊழியர் ஓய்வுக்காலத்துக்காகச் சேரும் EPF பணம். தன் காலத்துக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்று, திருமணமான புதிதில் முன்னாள் கணவர் நிரப்பிய நியமனப் படிவத்தில் முதல் மனைவியின் பெயர் இருந்தது. மனிதர் அதை மாற்றவேயில்லை. விவாகரத்து அந்த நியமனத்தை ரத்துசெய்யாது. உயில் எழுதினாலும் அது அசையாது. புதிய நியமனம் செய்ய வேண்டும், அல்லது எழுத்து மூலம் ரத்துசெய்ய வேண்டும். இஸ்லாமியர் அல்லாதவர் விஷயத்தில் பெயர் குறிக்கப்பட்டவருக்கே பணம் சொந்தம். இறந்தவர் இஸ்லாமியர் என்றால், பெயர் குறிக்கப்பட்டவர் அதை வாங்கி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவர் மட்டுமே. ஆக, கேட்டு வந்த பணம் இவருக்கு இல்லை, கேட்காத பணம் வந்தது. துக்கத்தில் இருந்த இரண்டாவது மனைவிக்கு அது எப்படி இருந்திருக்கும்!

விவாகரத்து மனுவில் வீடு, கார், நகை எல்லாம் வந்துவிடுகிறது, சேமநிதி விட்டுப்போகிறது. அதையும் திருமணச் சொத்தாகக் கருதிப் பங்கு கொடுத்த தீர்ப்புகள் உண்டு. உயிரோடு இருக்கும்போது கேட்க வேண்டிய பங்கு அது.

காப்புறுதி இன்னும் சிக்கல். இஸ்லாமியர் அல்லாதவர் மனைவியின் பெயரைப் போட்டால், 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி அது அந்த மனைவிக்காக வைத்துக் காக்கப்படும் அறக்கட்டளை (trust) ஆகிவிடும். அறங்காவலரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. தனியாக அறங்காவலரை நியமிக்காவிட்டால், அந்த மனைவியே அறங்காவலர். அந்தக் கையெழுத்தை விவாகரத்துப் பேச்சுவார்த்தையின்போதே வாங்கிவிடுங்கள். பிரிந்து ஐந்து வருடம் கழித்துப் படிவத்தோடு முன்னாள் மனைவி வீட்டுக் கதவைத் தட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். கதவு திறக்கவில்லை.