ஒப்புக்கொடுத்தல்: சொல் விளக்கம்

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பகுதிகளின் ஜெபக்கூட்டங்களில் 'டோட்டல் சரண்டர்', 'ரேடிக்கல் வாழ்க்கை' என்னும் தொடர்கள் காதில் விழுவது உண்டு. அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி; 'சரண்டர்' என்பதற்கு என் தேர்வு 'ஒப்புக்கொடுத்தல்'. 'சரண்டர்' என்பது, கையில் இருப்பதைப் பிறரிடம் விட்டுவிடுதல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். வடசென்னையில் அதைக் கேட்டவுடன் தோன்றுவது, போலீஸ் தேடும் ஒருவர் வழக்கறிஞருடன் கோர்ட்டில் ஆஜராவதுதான்; அரசு ஊழியர் வீடுகளிலோ ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணம் பெறுவது. முன்னதில் வேறு வழியின்மை இருக்கிறது, பின்னதில் ஆதாயக் கணக்கு இருக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தில் இரண்டும் இல்லை.

ரோமர் 12:1இல் தமிழ் வேதாகமம் 'உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்' என்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்க வினை 'பரிஸ்தேமி'. ஒருவர் முன்னிலையில் கொண்டுவந்து நிறுத்துதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். 'எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த தேவனுடைய குமாரன்' என்னும் கலாத்தியர் 2:20இல் வருவது 'பரதிதோமி' என்னும் வேறொரு வினை. யூதாஸ் இயேசுவை எதிரிகளிடம் பிடித்துக்கொடுத்ததற்கும் மூலத்தில் அதே வினைதான். தமிழ் அங்கே 'காட்டிக்கொடுத்தல்' என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் கட்டப்பட்ட இயேசுவை ரோமத் தேசாதிபதி பிலாத்துவினிடத்தில் 'ஒப்புக்கொடுத்தார்கள்' என்றும் மத்தேயு 27:2 சொல்வதால், இச்சொல்லுக்குள்ளேயே பக்தி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஒன்றின் பிடி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது என்பதே அதன் உறுதியான பொருள். 'தன்னை' என்பது சேரும்போதுதான் மனமுவந்த செயலாகிறது.

மாற்றாகச் சொல்லப்படும் சொற்களில் 'அர்ப்பணிப்பு' வடமொழியிலிருந்து வந்தது. பொருளில் குறையில்லை என்றாலும், பணி ஓய்வு விழாக்களில் எல்லோருக்கும் சூட்டப்பட்டுத் தேய்ந்துவிட்டது. 'சரணாகதி' வைணவ மரபில் ஆழ்ந்த பொருளோடு வேரூன்றிய சொல். வேதாகமத்தின் மற்றொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே வசனத்தை 'உயிருள்ள பலியாக உங்களைப் படையுங்கள்' என்று எழுதுவது அழகானது. ஆயினும் பலி, காணிக்கை ஆகியவற்றுக்கு வெளியே அவ்வினை அவ்வளவாகச் செல்லாது.

ஒப்புக்கொடுத்தலை நான் விரும்புவதற்கு இலக்கணமே காரணம். 'அவரைச் சரணடைந்தான்' என்னும்போது செயப்படுபொருளாக நிற்பவர் அடைக்கலம் தருபவர். அடைந்தவன் எதைக் கொடுத்தான் என்ற கேள்வியே எழுவதில்லை. 'ஒப்புக்கொடுத்தான்' என்றால் எதை, யாருக்கு என்ற இரண்டுக்கும் விடை வேண்டும். வேதாகமம் அவ்விடையைச் சொல்லியே செல்கிறது: ரோமர் 6:13இல் அவயவங்களை, 12:1இல் சரீரங்களை; அதற்கு நெருங்கிய 'ஒப்புவி' என்னும் வினையோடு சங்கீதம் 37:5இல் வழியை, லூக்கா 23:46இல் ஆவியை. ஆகவே, 'முழுமையாக ஒப்புக்கொடுங்கள்' என்று மட்டும் சொல்லி முடிக்கும் பிரசங்கம், எவ்வளவு உரத்த குரலில் ஒலித்தாலும், பாதி வாக்கியம்தான்.

'ரேடிக்கல்' வேர் என்று பொருள்படும் இலத்தீன் 'ராடிக்ஸ்' என்பதிலிருந்து பிறந்தது. அதைத் 'தீவிர வாழ்க்கை' என்று பெயர்ப்பவர்கள் வேரை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். போதாததற்கு, தீவிரவாதி என்ற நாளிதழ்ச் சொல்லின் நிழலும் அதன்மேல் விழுகிறது. கொலோசெயர் 2:7 'அவருக்குள் வேர்கொண்டவர்களாகவும்' என்கிறது. 'வேர்கொண்ட வாழ்வு' என்றே சொல்லலாம். பழையதை விடுவதை வற்புறுத்தும் இடங்களில் 'அடியோடு மாறிய வாழ்வு' பொருந்தும்.

இரண்டு தொடர்களும் சேர்ந்து நிற்கும் இடம், இயேசு மீனவர்களைத் தம் பின்னே வர அழைக்கும் மாற்கு முதலாம் அதிகாரம். ராயபுரத்தின் பெயரே பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் இராயப்பர் என்ற பெயரால் வந்தது என்பார்கள். அந்தப் பேதுருவும் அந்திரேயாவும் தங்கள் வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே சென்றார்கள். யாக்கோபும் யோவானும் தகப்பனாகிய செபெதேயுவைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுப் போனார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கரையில் அமர்ந்து கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்து வலை பின்னும் காசிமேட்டுக்காரருக்கு, அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் எது, அதன் விலை என்ன என்று யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை.