வச்சிரக்கல் எண்டு சொல்லி வித்தா அது வைரம் இல்ல

போன மாசம் எங்கட கடைக்கு ஒரு அன்ரி வந்தவ. சின்ன நகைப்பெட்டியைத் திறந்து கண்ணாடி மேசையில வச்சா, உள்ளுக்க செங்கல் நிறத்தில நகம் அளவு கல்லு ஒண்டு. "தம்பி, இது வச்சிரக்கல், மகளுக்கு பிறந்தநாள் வருது, அரைப் பவுணில மோதிரம் கட்டித் தாங்கோ" எண்டா. என்ன விலைக்கு எடுத்தீங்கள் எண்டு கேட்டா 45,000 ரூபாவாம். பேஸ்புக்கில ஒராள் வித்திருக்கிறார், கல்லின்ட படத்தோட வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தையும் சேத்துப் போட்டு, புதிய எருசலேமின்ட மதிலே இந்தக் கல்லுதான் எண்டு. அன்ரி சேர்ச்சுக்கு ஒழுங்கா போற ஆள், வசனத்தைப் பாத்த உடன காசை அனுப்பிட்டா.

லென்ஸை வச்சுப் பாத்தன். வெளிச்சம் ஒரு துளியும் ஊடுருவேல்ல, சிவப்புக்குள்ள மயிர் மாதிரி வெள்ளைக் கோடு ஓடுது. கத்தி முனையால ஓரத்தில மெல்ல இழுத்தா கல்லில கீறல் விழேல்ல, கத்தியின்ட இரும்புதான் சாம்பல் கோடா ஒட்டிச்சுது, துடைக்கப் போயிட்டுது. இது சிவப்பு ஜாஸ்பர் எண்ட கல்லு. நல்ல கல்லுதான், ஆனா நான் விக்கிறதெண்டா சில நூறு ரூபாவுக்குத்தான் விப்பன். அன்ரிக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல, ஆனா சொல்லாம தங்கத்தில கட்டிக் குடுத்தா நானும் அந்த ஏமாத்தில பங்காளிதானே.

இந்தப் பேர்க் குழப்பம் எங்கட தமிழிலதான் பெரிசா இருக்கு, அதான் எழுதுறன். ஜாஸ்பர் எண்ட சொல்லு எபிரேயத்தில யஷ்பே, கிரேக்கத்தில இயாஸ்பிஸ். எங்கட பழைய தமிழ் பைபிளில யாத்திராகமம் 28இல ஆசாரியரின்ட மார்ப்பதக்கத்தில நாலாம் பத்தியில "யஸ்பி" எண்டு அப்படியே வருது, ஆனா வெளிப்படுத்தினதில அதே சொல்லுக்கு "வச்சிரக்கல்" எண்டு போட்டிருக்கினம். அங்க பளிங்கு மாதிரி ஒளி எண்டு சொல்லியிருக்கிறபடியால மொழிபெயர்த்தவை அப்படி எடுத்திருப்பினம் எண்டு நினைக்கிறன். உண்மையில அந்தக் காலத்தில இயாஸ்பிஸ் எண்டா பச்சையா, கொஞ்சம் ஒளி போற கல்லுகளையும் சேத்துச் சொன்னவை, இண்டைக்கு நாங்கள் ஜாஸ்பர் எண்டு சொல்லுறது ஒளி போகாத கல்லை மட்டும். வச்சிரம் எண்டா தமிழனுக்கு வைரம்தான் மனசில வரும், விக்கிறவன் அதிலதான் பிழைக்கிறான். வசனம் பொய்யில்ல, கல்லும் பொய்யில்ல, இரண்டையும் ஒட்டி வச்ச விலைதான் பொய்.

ஜாஸ்பர் எண்டா குவார்ட்ஸ் (படிகக்கல்) சாதி, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பளிங்குத் துணிக்கை நெருங்கி இறுகினது, கீறல் தாங்கிற கடினம் பத்துக்கு 6.5 இல இருந்து 7. இரும்பு ஒக்சைட்டால சிவப்பு வரும், மஞ்சளும் இரும்பின்ட வேலைதான். நவரத்தினத்தில இது இல்ல. ஆனா பவளம் இருக்கு, அங்கதான் அடுத்த ஏமாத்து. செவ்வாய் தோஷத்துக்கு பவளம் போடச் சொன்னா சிவப்பு ஜாஸ்பரைப் பவளமெண்டு தள்ளிவிடுறாங்கள், அதுவும் திருகோணமலைக்குக் கிட்ட இருக்கிற புறாத்தீவின்ட பேரில "புறாத்தீவுப் பவளம்" எண்டு சொல்லி ஒரு பெடியனுக்கு வித்திருந்தாங்கள். நகைக்குப் போற சிவப்புப் பவளம் முக்கியமா மத்தியதரைக் கடல், ஜப்பான் பக்கம் எடுக்கிறது, புறாத்தீவில இருக்கிறது வேற சாதி, அதில கை வைக்கிறதே சட்டப்படி குற்றம். பவளம் கல்சியம் காபனேற், கத்தி பட்டா கீறும், லென்ஸில மெல்லிய சமாந்தரக் கோடு தெரியும், தேசிக்காய்ப் புளி பட்டா மெல்ல நுரைக்கும். ஜாஸ்பரில இது ஒண்டும் நடக்காது. வீட்டில புளி ஊத்திப் பாக்காதீங்கோ, உண்மையான பவளமா இருந்தா அதின்ட மினுக்கம் போயிடும்.

சாயம் போட்டதும் நிறைய வருது. ஜாஸ்பருக்கு நீலச் சாயம் ஏத்தி "ஜெர்மன் லாபிஸ்" எண்டு விக்கிறது பழைய வேலை, லாபிஸ் எண்டா வேற ஒரு நீலக் கல்லு. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில தொட்டு கல்லின்ட பின்பக்கம் தேய்ச்சுப் பாருங்கோ, பஞ்சில நிறம் ஏறினா சாயம், ஏறாட்டியும் சாயமே இல்லையெண்டு முடிவெடுக்காதீங்கோ, சில சாயம் இறுகிப் பிடிச்சிருக்கும். புள்ளி புள்ளியா "டல்மேஷன் ஜாஸ்பர்" எண்டு வாறது ஜாஸ்பரே இல்ல, வேற பாறை.

இப்படிச் சொன்னாப்போல ஜாஸ்பரைக் குறைச்சு நினைக்காதீங்கோ. எகிப்தில செத்த ஆக்களின்ட கழுத்தில இசிஸ் தெய்வத்தின்ட முடிச்சு எண்ட தாயத்தை சிவப்பு ஜாஸ்பரில செய்து போட்டவை, முத்திரை வெட்டவும் இது நல்ல கல்லு, கெதியில தேயாது. எங்கட தட்டார் பரம்பரைக்கு இன்னும் கிட்டத்துக் கல்லு. பொன்னை உரசிப் பாக்கிற உரைகல் இருக்கெல்லோ, நல்ல கறுப்பு உரைகல்லும் இந்தச் சாதிதான். அப்பாவின்ட உரைகல் இப்பவும் என்ட மேசையில இருக்கு, நடுவில உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுப்பா இருக்கும், தங்கத்தை ஒருக்கா இழுத்தா மஞ்சள் கோடு, அசிட் ஒரு சொட்டு, மாத்து, அதாவது தங்கத்தின்ட தரம், தெரிஞ்சிடும்.

ஒண்டு மட்டும் கும்பிட்டுக் கேக்கிறன், கல்லை மருந்தெண்டு நம்பாதீங்கோ. பச்சையில சிவப்புப் புள்ளி உள்ள ரத்தக்கல்லைக் கட்டினா ரத்தப்போக்கு நிக்குமெண்டு ஒரு அக்கா மூண்டு மாசம் டொக்டரிட்ட போகாம இருந்தவ. எங்கட கடைக் கதிரையில இருந்து எழும்பேக்க தலை சுத்தி மேசையைப் பிடிச்சா, முகம் வெளிறிப்போய். கல்லைக் கழட்டச் சொல்லேல்ல, ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினன்.

வாங்கேக்க பில்லில கல்லின்ட பேர், இயற்கையா சாயமா எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ, எழுத மாட்டன் எண்டா விட்டிட்டு வாங்கோ. பெரிய காசு எண்டா கொழும்பில தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில சோதிச்சு அறிக்கை எடுக்கலாம். அன்ரியின்ட காசு திரும்பி வரேல்ல, வித்தவன் நம்பரை புளொக் பண்ணிட்டான். அந்தக் கல்லை வெள்ளியில கட்டிக் குடுத்தன், மகளுக்கு அது வடிவாத்தான் இருக்கு. திருமலையில இருக்கிற ஆக்கள் கல்லைப் பற்றி சந்தேகமெண்டா கொண்டு வாங்கோ, பாத்துச் சொல்ல நான் காசு எடுக்கிறதில்ல, ஆனா காசு குடுக்க முதல் வாங்கோ.