கேரவனுக்குத் தமிழில் என்ன பெயர்?

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சினிமாதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில், ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய நீளமான வண்டி ஒன்று ஓரமாக நிற்கும். நடிகர்கள் ஒப்பனை போடவும் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் அது. ‘அவர் கேரவனை விட்டு வெளியே வரவே இல்லை’ என்று ஒரு செய்தியில் எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இந்தப் பொருளில் அந்தச் சொல் தமிழில் வேரூன்றிவிட்டது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் பிரிட்டனில் ஒருவர் ‘எங்களிடம் ஒரு பழைய டூரிங் கேரவன் இருக்கிறது’ என்றால் அது வேறு பொருள். அதில் எஞ்சின் கிடையாது, ஓட்டுநர் இருக்கையும் கிடையாது. படுக்கை, சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் உள்ளே அடங்கிய ஒரு குட்டி வீடு அது. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போவார்கள். போன இடத்தில் காரைக் கழற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள், வீடு நின்ற இடத்திலேயே நிற்கும். 1950, 60களில் செய்த இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடி வாங்கிச் செப்பனிட்டுப் பயன்படுத்துகிறவர்கள் அங்கே நிறைய. இதைத் தமிழில் எழுதும்போது ‘பழைய கேரவன்’ என்று மட்டும் போட்டால் நம் வாசகர் மனதில் ஒரு பழைய படப்பிடிப்பு வண்டிதான் வந்து நிற்கும்.

சொல்லின் வரலாறு நீளமானது. பாரசீகத்தில் கார்வான் என்றால் சேர்ந்து பயணம் போகும் கூட்டம்: ஒட்டகங்கள், சரக்கு, வணிகர்கள், காவலாட்கள் எல்லாம் சேர்ந்தது. இந்தியிலும் உருதுவிலும் இன்றும் அதே பொருள்தான். 2017-இல் வந்த, பழைய பாட்டுகளை நிரப்பிய பாட்டுப் பெட்டிக்குக் கார்வான் என்று பெயர் வைத்ததும் அந்த வழியில்தான். இடைக்காலத்தில் இந்தச் சொல் பிரெஞ்சுக்குப் போனது. 16-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் அது மெல்லக் கூட்டத்தை விட்டு வண்டிக்குத் தாவியது. 17-ஆம் நூற்றாண்டில் மூடுவண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வித்தை காட்டுகிறவர்களும் நாடோடிகளும் குடியிருந்த குதிரை வண்டி கேரவன் ஆனது. 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர், ‘வாண்டரர்’ என்ற வண்டியைப் பிரிஸ்டலில் செய்வித்து, இரண்டு குதிரை பூட்டி, தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார். பிழைப்புக்காக இல்லாமல் ஊர் பார்ப்பதற்காகவே செய்த முதல் கேரவன் என்று அதைச் சொல்வார்கள். 1919-இல் எக்கிள்ஸ் என்ற பர்மிங்காம் நிறுவனம் காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது.

இதில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி உண்டு. ‘வேன்’ என்ற சொல் ‘கேரவன்’ என்பதன் கடைசித் துண்டு. ஆங்கிலத்தில் முன்பாதியை வெட்டிவிட்டு வழங்கத் தொடங்கினார்கள். ஸ்கூல் வேன், மினி வேன், மீன் வேன் எல்லாமே அந்தப் பாரசீகக் கார்வானின் வழிவந்தவை. ‘கேரவேன்’ என்றும் ‘கேரவன் வேன்’ என்றும் நம் ஆட்கள் எழுதுவதைப் பார்க்கிறோம். இரண்டாவதில் ஒரே சொல் இரண்டு முறை வந்துவிடுகிறது. கேரவன் என்று எழுதினாலே போதும்.

சரி, பழைய பொருளுக்கு, அதாவது பயணக் கூட்டத்துக்கு, நம்மிடம் சொல் இருந்ததா? இருந்தது. வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். வடமொழி ‘சார்த்த’ என்பதோடு உறவுள்ள சொல் இது. கோவலனின் தந்தை பெயர் மாசாத்துவான். பெருவணிகர் கூட்டத்தின் தலைவன் என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பாலைவனத்து ஒட்டகக் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘வணிகச் சாத்து’ என்று தாராளமாக எழுதலாம்.

இன்னொரு சொல் ஒழுகை. வரிசையாகப் போகும் வண்டித் தொடர். உப்பு விற்ற உமணர்களின் ஒழுகை சங்கப் பாட்டுகளில் வருகிறது. மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி ஈ.சி.ஆர். சாலையில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்துகொள்வது கடினமில்லை. உமணர்கள் குடும்பத்தோடு போனார்கள். புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்று (102) அந்த வண்டிகளின் அடிப்பக்கத்தையே காட்டுகிறது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன நடக்கும் என்று யார் கண்டார்கள்? அதனால் உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் ஓர் உபரி அச்சைக் கட்டி எடுத்துப் போனார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இன்று ஸ்டெப்னி என்கிறோமே, அந்தச் சொல் வேல்ஸ் நாட்டில் லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. பழைய கேரவனை வைத்திருப்பவருக்குச் சேமச் சக்கரம் இன்றும் உயிர்நாடி. அதிகம் ஓடாமல் நின்றே கிடப்பதால் டயரின் பூ, அதாவது தரையில் பதியும் வரிகள், தேயாமல் இருக்கும், ரப்பர் மட்டும் வெயிலில் வெடித்துப் போயிருக்கும். பூவைப் பார்த்து ஏமாறாமல், டயர் எப்போது செய்தது என்று காட்டும் எண்ணை அதன் பக்கச் சுவரில் பார்க்க வேண்டும்.

தங்குமிடத்துக்கும் நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. கார்வான் தங்கும் விடுதியைப் பாரசீகத்தில் கார்வான்சராய் என்றார்கள். நம் ஊரில் சாவடியும் சத்திரமும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் ரெட்டிச்சாவடி, சிதம்பரம் போகும் வழியில் புதுச்சத்திரம். ஊர்ப் பெயர்களே சாட்சி.

இனி நம் வண்டிக்கு வருவோம். எஞ்சின் இல்லாத, இன்னொன்று இழுக்க வேண்டிய, மேலே கூரை போட்ட, உள்ளே ஆள் படுக்கக்கூடிய வண்டி. இதைப் பார்த்ததும் எனக்குக் கூண்டு வண்டிதான் நினைவுக்கு வருகிறது. தை மாதம் பெண்ணையாற்றுத் திருவிழாவுக்கும், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்துக்கும் சுற்று வட்டாரக் கிராமத்து மக்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு. வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம், கீழே தொங்கும் அரிக்கேன் விளக்கு, பின்னால் கட்டிய சோற்றுப் பானை. மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, வண்டிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதிலேயே தூங்கினார்கள்.

இந்த ஒப்புமை வெறும் ஆசைக்காகச் சொல்வதில்லை. கேரவனை இழுக்கும் தொழில்நுட்பத்தின் முக்கியமான பாடம் வண்டிக்காரர்களின் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது: முன்பாரம், பின்பாரம். மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றும்போது பின்பக்கம் பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பக்கம் கூடினால் நுகத்தடி கழுத்தில் அழுத்தும். ரெண்டும் இல்லாமல், சற்றே முன்பாரமாக ஏற்றுவதுதான் கைதேர்ந்த வண்டிக்காரரின் வேலை. கேரவனிலும் அதே கணக்கு. பாரம் ஏற்றிய மொத்த எடையில் சுமார் 5 முதல் 7 விழுக்காடு கொக்கியின்மேல் இறங்க வேண்டும். 1,000 கிலோ வண்டி என்றால் 50 முதல் 70 கிலோ. வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினை வைத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கொக்கிப் பகுதியை அந்தக் கட்டையில் இறக்கினால் எடை தெரிந்துவிடும். காரும் கொக்கியும் தாங்கும் அளவை மட்டும் மீறக்கூடாது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு, முன்பாரம் மிதமிஞ்சினால் என்ன ஆகும் என்று சொல்லித் தர வேண்டாம்.

பின்பாரம் அதைவிட ஆபத்து. வேகம் கூடும்போது கேரவன் பாம்பு போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் காரையும் சேர்த்து ஆட்டும். அந்த நேரத்தில் சடாரென்று பிரேக் மிதிக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விட வேண்டும். அதனால்தான் தண்ணீர் கேன், பாத்திரங்கள், சேம பேட்டரி எல்லாவற்றையும் அச்சுக்கு மேலே, தரையோடு தாழ்வாக வைக்கச் சொல்கிறார்கள்.

பிரேக்கும் அப்படித்தான். கார் வேகத்தைக் குறைக்கும்போது பின்னாலிருக்கும் கேரவன் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கித் தண்டை உள்ளே அழுத்தி, ஒரு கம்பி வழியாகக் கேரவனின் சொந்த பிரேக்கைப் பிடிக்க வைக்கும். இறக்கத்தில் வண்டி மாட்டின்மேல் வந்து மோதுவதைப் பார்த்த யாருக்கும் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். பழைய வண்டி வாங்குகிறவர் அந்தத் தண்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். சக்கரக் குடத்தின் பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதை வண்டி மை போடுவது என்று சொன்னால் நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு உடனே புரியும்.

நம் கடற்கரைக்கென்று இரண்டு செய்திகள். பழைய கேரவன்களில் பெரும்பாலானவை மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு அடித்தவை. இணைப்புகளில் போட்ட பசை காய்ந்ததும் மழைநீர் உள்ளே இறங்கும், வெளியே தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துப்போகும். கோட்டக்குப்பம் பக்கம் ஒரு பட்டறையில் நின்ற பழைய பிரெஞ்சு வண்டியில், ஜன்னலின் கீழ்மூலையைக் கட்டைவிரலால் அழுத்தியதும் பிளைவுட் உள்ளே போய்விட்டது. வெளிப்பக்கத்தில் அதற்கு ஒரு அடையாளமும் இல்லை. உப்புக் காற்றில் அலுமினியத்தின்மேல் சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால் அதைச் சுற்றித் தகடு வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். கடலூரிலோ புதுச்சேரியிலோ நிறுத்துகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும், இடையில் நல்ல பசையும் போடுவது நல்லது. இன்னொன்று, கதவு. பிரெஞ்சு, ஜெர்மன் வண்டிகளில் கதவு வலப்பக்கம் இருக்கும், அங்கே அது நடைபாதைப் பக்கம். நம் சாலையில் அதே கதவைத் திறந்தால் நேராகப் போக்குவரத்தில் காலை வைக்க வேண்டும். பிரிட்டிஷ் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, கதவு இடப்பக்கம்தான்.

அப்படியானால் பெயர்? கூண்டு வண்டி என்றே அழைத்தால் மாட்டு வண்டியோடு குழம்பும். ‘வீட்டு வண்டி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் அது வாடகை வண்டிக்கு எதிரானது, நம் வீட்டுக்குச் சொந்தமான வண்டி. ‘ஓட்டு வீடு’ என்றால் கூரையில் ஓடு வேய்ந்த வீடு. ‘நடமாடும் வீடு’ தப்பில்லை. நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை என்று பழகிய வழக்கு. ஆனால் எஞ்சின் உள்ளதா இல்லையா என்று அது சொல்லாது. ஜெர்மானியர் ‘வோன்வாகன்’ என்கிறார்கள், குடியிருக்கும் வண்டி. அர்ஜென்டினாவில் ‘காசா ரோதான்தே’, உருளும் வீடு. பிரெஞ்சில் ‘கரவான்’ என்ற சொல்லே ஒட்டகக் கூட்டத்துக்கும் இதற்கும் பொது. நாடோடிகளின் வண்டிக்கு மட்டும் உருளுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘ரூலோத்’ என்று தனிப் பெயர் உண்டு.

நான் ‘வண்டிவீடு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வண்டியாக இருக்கும் வீடு. வண்டி என்றாலே அதை இன்னொன்று இழுக்கும் என்ற பழைய உணர்வு அதில் தங்கியிருக்கிறது. தானே ஓடும் வகையைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் ‘மோட்டார் வீடு’ என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வேறுபாடு எழுத்தில் மட்டும் உள்ளதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘டிரெய்லர்’ என்பதைத் தனியாக வரையறுக்கிறது. மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் அடங்கும் என்றும் சொல்கிறது. அதாவது, எஞ்சின் இல்லாத வண்டிவீடும் சட்டத்தின் கண்ணில் வாகனமே. வாங்க நினைப்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு பற்றி விசாரித்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

‘டூரிங்’ என்பதைப் பெயர்க்க வேண்டிய தேவை இல்லை. டூரிங் டாக்கீஸ் பார்த்த மக்களுக்கு அந்தச் சொல் பழகியது. வண்டி என்றாலே போவது என்று ஆகிவிட்டதால் இங்கே அது தனியாகத் தேவையுமில்லை. இத்தகைய பழைய வண்டிகளுக்கு முன்னால் போடும் ‘விண்டேஜ்’ என்ற சொல் திராட்சை அறுவடையிலிருந்து வந்தது. வைனின் ஆண்டைக் குறித்த சொல், பிறகு பழைய காருக்கு வந்தது. பிரிட்டனில் 1919 முதல் 1930 வரையிலான கார்களைத்தான் விண்டேஜ் என்பார்கள். இந்தியாவில் 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, அசல் வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அந்தப் பெயர். எனவே சட்டப் பொருளில் பேசும்போது விண்டேஜ் என்றே எழுதுங்கள். மற்ற இடங்களில் ‘பழங்கால வண்டிவீடு’ போதும். வண்டிவீடு என்பதைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுத வேண்டும். ‘வண்டி வீடு’ என்று பிரித்தால் வண்டியும் வீடும் என்று இரண்டு பொருளாகப் படிக்க இடமுண்டு.